கம்பெனித் துபாஷி

எங்கள் கடம்பத்தூரில் டிரைவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் டிரைவர் ஹாரன் அடித்துத் தெருவையே எழுப்பிவிடுவார். ரயில் டிரைவரை இப்போது லோகோ பைலட் என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். ஸ்க்ரூ டிரைவரோ வீட்டுக்கு வீடு உண்டு. தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருந்துகொண்டு அதுகூட இல்லாதவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

இந்த வாரம் நாம் பார்க்கப் போவது நாலாவது ரகம். இது காக்கிச் சட்டை போடாது, பேட்டா கேட்காது. லைசென்ஸ் மட்டும் பக்கம் பக்கமாக இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. கடைசியில் ‘சம்மதம்’ என்கிற பட்டனை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். கல்யாணப் பத்திரிகையில் பின்பக்கம் இருக்கும் பெயர்களைப் படிக்காமல் தேதியை மட்டும் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் டிரைவரைச் சொல்கிறேன். அதிலும் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போடுகிற டிரைவர்.

டிரைவர் என்று பெயரே தவிர, அது எதையும் ஓட்டுவதில்லை. மொழிபெயர்க்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மதராஸில் துபாஷிகள் இருந்தார்கள். இரண்டு பாஷை தெரிந்தவர் துபாஷி. துரை இங்கிலீஷில் சொல்வதை நெசவாளிக்குத் தமிழிலோ தெலுங்கிலோ சொல்வார். நடுவில் அவர் என்ன கூட்டினார், என்ன குறைத்தார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே வெளிச்சம். புதுச்சேரியில் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-இல் ஆரம்பித்து 1761 வரை நாட்குறிப்பு எழுதி வைத்தார். அதனால் அந்தக் காலத்துச் சமாசாரம் நமக்குக் கொஞ்சம் தெரிந்தது. எல்லாத் துபாஷியும் டயரி எழுதுவதில்லையே!

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். லினக்ஸின் நடு மையத்துக்குக் கர்னல் என்று பெயர். அது ஒரு பாஷை பேசும். கிராஃபிக்ஸ் கார்டு வேறு பாஷை. நடுவில் டிரைவர் என்கிற துபாஷி. சில துபாஷிகள் டயரியைத் திறந்து வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தப்பிருந்தால் திருத்தலாம். இதைத் திறந்த டிரைவர் என்போம். இன்னொரு ரகம் கார்டு கம்பெனியிடம் சம்பளம் வாங்குகிற துபாஷி. வேலையில் கில்லாடி. ஆனால் டயரியைக் காட்ட மாட்டார். இங்கிலீஷில் புரொப்ரைட்டரி டிரைவர் என்று வாய் வலிக்கச் சொல்வார்கள். நாம் கம்பெனித் துபாஷி என்றே வைத்துக்கொள்வோம்.

இவ்வளவு பீடிகைக்கும் காரணம் எதிர்வீட்டுப் பையன்.

மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவன். அம்மா ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. சீட்டு எடுத்த பணத்தில், ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்து போயிற்று. விண்டோஸ் 11 இந்தப் பழைய பெட்டியை வாசலிலேயே நிறுத்தி, ‘உனக்கு வயசாகிவிட்டது’ என்று திருப்பி அனுப்பியது. பையன் சோர்ந்து போகவில்லை. லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டான். பெட்டி சமர்த்தாக ஓடியது.

சிக்கல் ஒரு திங்கட்கிழமை வந்தது. காக்களூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்காரர், தன் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட ஒரு நிமிஷப் படம் கேட்டிருந்தார். பையன் பிளெண்டரில் பல்சக்கரம், ஷாஃப்ட் எல்லாம் அழகாக வரைந்து சுழல விட்டிருந்தான். இனி ஒவ்வொரு காட்சியையும் கம்ப்யூட்டர் ஒளி, நிழலோடு தீட்டித் தர வேண்டும்.

“சார், வெள்ளிக்கிழமை காலைல குடுக்கணும். பொட்டி ஞாயித்துக்கிழமை ஆவும்னு சொல்லுது சார்” என்று வந்து நின்றான்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு செகண்டுக்கு 24 படம். அறுபது செகண்டுக்கு 1,440 படம். கம்ப்யூட்டரின் மூளையே தனியாகத் தீட்டினால் படத்துக்கு ஆறு நிமிஷம். ஆக மொத்தம் 144 மணி நேரம், அதாவது முழுசாக ஆறு நாள். அதற்குள் மின்சாரம் எத்தனை தடவை போய் வருமோ! கிராஃபிக்ஸ் கார்டு கை கொடுத்தால் படத்துக்கு நாற்பது செகண்ட்தான். பதினாறு மணி நேரத்தில் சோலி முடிந்தது. கார்டு உள்ளேயேதான் இருந்தது. ஆனால் பிளெண்டரின் கண்ணுக்குத் தெரியவில்லை.

காரணம், உள்ளே இருந்தது திறந்த துபாஷி. இந்தக் கார்டைப் பொறுத்தவரை அவருக்குப் பாதி பாஷைதான் தெரியும். திரையில் படம் காட்டுவார், மௌஸை நகர்த்துவார். கனமான வேலை சொன்னால் திருதிருவென்று விழிப்பார்.

அதற்கு அவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. உலகத்தில் நிறைய விற்கும் என்விடியா கார்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான திறந்த டிரைவருக்கு நூவோ என்று பெயர். ஃபிரெஞ்சில் ‘புதுசு’ என்று அர்த்தம். கம்பெனி பாஷையைச் சொல்லித் தராததால், கார்டுக்குள் என்ன போகிறது, என்ன வருகிறது என்று ஒட்டுக் கேட்டுக் கேட்டே தொண்டர்கள் எழுதியது. ஜன்னல் வழியாக வாத்தியாரைப் பார்த்துப் படித்த ஏகலைவன்கள்! ஆனால் 2014 கடைசியில் வந்த கார்டுகளிலிருந்து, கம்பெனி கையெழுத்துப் போட்ட உள் மென்பொருள் இல்லாமல் கார்டின் வேகத்தைக் கூட்ட முடியாது என்று ஆயிற்று. கடம்பத்தூரில் நிற்காமல் பறக்க வேண்டிய எக்ஸ்பிரஸ், சிக்னல் கிடைக்காமல் ஏகாட்டூரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஆயிற்று அந்தக் கார்டுகளின் கதி. கட்டை விரல் கேட்ட கதை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆகவே கம்பெனித் துபாஷியைக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. (பையனின் கார்டு எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ரிட்டையர் ஆன மெயின்டனன்ஸ் ஆசாமிக்கு ஊர் வம்பு எதற்கு?)

பையன் அவசரக்காரன். கம்பெனியின் இணையதளத்திலிருந்து நேராக ஒரு ஃபைலை இறக்கி ஓட்டிவிடலாம் என்றான். “கொஞ்சம் பொறுப்பா” என்றேன். முப்பது வருடம் மெஷின்களோடு மாரடித்தவனுக்கு ஒன்று தெரியும். ஸ்டோர் மூலமாக வந்த ஸ்பேருக்குக் கணக்கு இருக்கும். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்த ஸ்பேருக்குக் கணக்கு இருக்காது. லினக்ஸ் மின்ட்டில் டிரைவர் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. உபுண்டுவில் ‘கூடுதல் டிரைவர்கள்’. அதுதான் ஸ்டோர். எந்தக் கார்டுக்கு எந்த நம்பர் டிரைவர் என்று அதுவே சிபாரிசு செய்யும். அதன் வழியாகப் போட்டால், நாளைக்குக் கழற்றவும் அதன் வழியாகவே கழற்றலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். கர்னல் என்பது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். திறந்த டிரைவர்கள் எல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள். சமையலறையை மாற்றிக் கட்டினால், மாற்றுகிறவர்களே உள்ளே இருக்கிற எல்லோருக்கும் வழி செய்து கொடுத்துவிடுவார்கள். கம்பெனித் துபாஷி வாசல் திண்ணையில் குடக்கூலிக்கு இருப்பவர். உள்ளே சுவரை இடித்துக் கட்டியது அவருக்குத் தெரியாது. மறுநாள் காலை பழைய ஞாபகத்தில் நடந்து வந்து புதுச் சுவரில் முட்டிக்கொள்வார். நமக்குத் திரை கறுப்பாகிவிடும்.

லினக்ஸ்காரர்கள் பலரும் ஒரு தடவையாவது பார்த்திருக்கும் கறுப்புத் திரை இதுதான். சாயங்காலம் நன்றாக இருந்த கம்ப்யூட்டர், இரவில் கர்னலைப் புதுப்பித்துக்கொண்டு, காலையில் கண்ணை மூடிக்கொள்ளும். இதற்காக டெல் கம்பெனி இன்ஜினீயர்கள் டி.கே.எம்.எஸ். என்று ஓர் ஏற்பாட்டை எழுதினார்கள். புதுக் கர்னல் வரும்போதெல்லாம் டிரைவரை அதற்குத் தகுந்தாற்போல் தானாகவே மறுபடி தைத்துக் கொடுக்கும். ஸ்டோர் வழியாகப் போட்டால் இந்தத் தையல்காரரோ, அல்லது ஏற்கெனவே தைத்து வைத்த சட்டையோ கூடவே வந்துவிடும். பாக்கெட் ஸ்பேருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

அடுத்தது செக்யூர் பூட். கையெழுத்து இல்லாத எதையும் உள்ளே விடாத வாட்ச்மேன். டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கலாம். கேட்டால் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வந்து, ‘இந்தச் சாவியைப் பதிவு செய்யட்டுமா?’ என்று இங்கிலீஷில் விசாரிக்கும். பலர் வைரஸ் என்று பயந்து எஸ்கேப் அமுக்கிவிடுவார்கள். வாட்ச்மேன் டிரைவரை வெளியே நிறுத்திவிடுவார். பதிவு செய் என்று சொல்லி அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால் கேட் திறக்கும்.

பையனுக்கும் நீலத் திரை வந்தது. காகிதத்தைப் பார்த்துக் கொடுத்தான். கம்ப்யூட்டர் எழுந்தது. பிளெண்டரில் கார்டின் பெயர் தெரிந்தது. திங்கள் போய்ச் செவ்வாயும் போய், புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணி. தீட்டச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினோம்.

அப்போதுதான் அவன் அம்மா ஷிஃப்ட் முடித்து வந்தார். என்ன நடந்தது என்று பையன் விளக்கினான். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏண்ணா, சீட்டு எடுத்து முழுப் பணம் குடுத்துத்தானே வாங்கினோம்? அப்புறமும் அந்தக் கார்டு என்னா பாஷை பேசுதுன்னு நம்மகிட்ட சொல்ல மாட்டாங்களா? பொட்டி நம்மளுது, சாவி அவங்களுதா?”

இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஓர் இயக்கமே பிறந்தது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அடிக்கடி காகிதம் சிக்கும். முந்தைய பிரிண்டரில், சிக்கினால் எல்லோருக்கும் சேதி போகும்படி மென்பொருளை மாற்றி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்கிற இளைஞர். புதுசிலும் அப்படிச் செய்யலாம் என்றால், மூலநிரல் கையில் இல்லை. அதை வைத்திருந்த ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரிடம் போய்க் கேட்டார். ‘யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்’ என்று அவர் கைவிரித்துவிட்டார். ஸ்டால்மனுக்கு வந்த கோபம் 1983-இல் குனு திட்டமாக முளைத்தது. 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கர்னல் அதோடு சேர்ந்துகொண்டது. ஒரு பிரிண்டரில் காகிதம் சிக்கியதன் விளைவு!

டோர்வால்ட்ஸ் கோபக்காரர். 2012 ஜூனில் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு பெண்மணி எழுந்து, என்விடியா கார்டு உள்ள தன் லேப்டாப்பில் படும் பாட்டைச் சொன்னார். டோர்வால்ட்ஸ், தாங்கள் சமாளித்த கம்பெனிகளிலேயே மிக மோசமானது அதுதான் என்று சொல்லி, கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். குடும்பப் பத்திரிகை என்பதால் கூடவே சொன்ன வார்த்தையைத் தவிர்க்கிறேன்.

எல்லாக் கம்பெனியும் அப்படியல்ல. ஏ.எம்.டி. 2007-இல் தன் கார்டுகளின் பாஷையை எழுதி வெளியே கொடுக்க முன்வந்தது. இன்டெல்லின் டிரைவர் கர்னல் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. என்விடியாவும் 2022 மே மாதம் பாதிக் கதவைத் திறந்தது. 2018-க்குப் பிறகு வந்த கார்டுகளுக்குக் கர்னலோடு பேசும் பகுதியை வெளியிட்டது. மற்ற பகுதிகளும், கார்டுக்குள் ஓடும் மென்பொருளும் இன்னும் பூட்டித்தான் இருக்கின்றன.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிய சரக்கல்ல. 2007 வாக்கில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை சூஸே லினக்ஸுக்கு மாற்றியது. அதே வருடம் சென்னை சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸ் வந்தது. 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பித்தது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பழுது பார்க்கலாம் என்கிற உரிமை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைக்கே வந்தது. அதை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

பாஸ் லினக்ஸுக்கு மூதாதை டெபியன். அங்கே எல்லாம் திறந்ததாகவே இருக்க வேண்டும் என்பது மடத்து ஆசாரம் மாதிரி. அவர்களே 2022-இல் ஓட்டுப் போட்டு, இன்ஸ்டால் செய்யும்போதே பூட்டிய ஃபர்ம்வேரைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று தளர்த்திக்கொண்டார்கள். வைஃபை கூட வேலை செய்யாமல் ஆசாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக வருகிறவர் என்ன செய்வார்? ஆனால் கணக்கு மறைக்கப்படுவதில்லை. பூட்டிய டிரைவரை ஏற்றினால் கர்னல் தன்னை ‘டெயின்டெட்’ என்று குறித்துக்கொள்ளும். கறை பட்டது என்று அர்த்தம். (கரை வேட்டி வேறு.) அதற்கப்புறம் ஏதாவது பழுது என்று போய் நின்றால், ‘முதலில் அந்தத் துபாஷியை வெளியே அனுப்பிவிட்டு வா’ என்பார்கள். டயரி காட்டாதவர் செய்த தப்பை யார் கண்டுபிடிப்பது?

எனக்குக் கறுப்புத் திரை பெரிய கவலையில்லை. அதற்கு வைத்தியம் உண்டு. நிஜமான கவலை வேறு. கார்டுக்கு வயதாகும்போது அதன் சாவுத் தேதியைக் குறிக்கும் பஞ்சாங்கம் யார் கையில் இருக்கிறது?

என்விடியாவின் 340-ஆம் வரிசை டிரைவருக்கு ஆதரவு 2019 கடைசியோடு முடிந்தது. 390-ஆம் வரிசைக்கு 2022 கடைசியில். 470-ஆம் வரிசைக்கு 2024-இல். மாக்ஸ்வெல், பாஸ்கல் குடும்பக் கார்டுகளுக்கு 580-ஆம் வரிசைதான் கடைசி என்று 2025-இல் சொல்லிவிட்டார்கள். பழைய டிரைவர் அன்றைக்கே நின்றுவிடாது. ஆனால் வீட்டுக்குள் சுவர் மாறிக்கொண்டே இருக்கும். திண்ணைக்காரருக்கு யாரும் புதுச் சட்டை தைத்துத் தர மாட்டார்கள். ஒருநாள் புதுக் கர்னலோடு சேராது. கார்டில் கீறல்கூட இருக்காது, ஃபேன் ஓடும், ஆனால் குப்பை.

எங்கள் பக்கத்தில் குப்பை என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு லாரி லாரியாகப் போய்க் கம்பியாகத் திரும்பி வரும். தேய்ந்து, துருப்பிடித்து, உடைந்துதான் ஒரு பொருள் ஸ்கிராப் ஆக வேண்டும். நாற்பது வருடத்து லேத்துக்குக்கூட, வரைபடம் கையில் இருந்தால் புது புஷ் கடைந்து போட்டு ஓட்டிவிடுவோம். நல்ல நிலையில் இருக்கிற பொருள், பாஷை தெரிந்த ஆள் கைவிட்டதால் மட்டுமே ஸ்கிராப் ஆகிறது என்பது என் தொழிலுக்கே அவமானமாக இருக்கிறது.

கம்பெனிக்கும் நியாயம் இருக்கலாம். பத்து வருடத்துப் பழைய கார்டுக்கு இன்ஜினீயர் வைத்துச் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாதுதான். சரி, ஓய்வு கொடுங்கள். ஆனால் ஓய்வு கொடுக்கிற அன்றைக்கு டயரியையும் திறந்து வைத்துவிட்டுப் போகலாமே? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தே அவ்வளவு கற்றுக்கொண்ட தொண்டர்கள், புத்தகத்தையே கொடுத்தால் சும்மாவா இருப்பார்கள்?

வியாழக்கிழமை மத்தியானம் 1,440 படமும் தயாராகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்காரர் பார்த்தார். பல்சக்கரம் சுழல்வதை மூன்று தடவை போடச் சொன்னார். பேசிய பணம் கைக்கு வந்தது. அம்மா பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைக்கக் கிளம்பினார். ஃபேன் துவாரத்தில் மட்டும் வேண்டாம் என்று தடுத்தேன்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு மெயின்டனன்ஸ் அட்டை தொங்கும். பையனையும் அப்படி ஒன்று எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டச் சொன்னேன். கார்டின் மாடல், டிரைவர் நம்பர், கர்னல் நம்பர், போட்ட தேதி. கீழே ஆபத்துக்கால விதிகள்: அவசர வேலை கையில் இருக்கும்போது கர்னலைப் புதுப்பிக்காதே, முடிந்தவுடன் தள்ளிப் போடாமல் புதுப்பி. பழைய கர்னல் ஒன்றை அழிக்காமல் வை. திரை கறுத்தால் பூட் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடு. அதுவும் ஆகாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அமுக்கி எழுத்துத் திரைக்குப் போய், போட்ட டிரைவரைக் கழற்று. திறந்த துபாஷி மறுபடி வந்து பாதி பாஷையிலாவது பேசுவார்.

எல்லாம் எழுதி முடித்துவிட்டு, கடைசி வரியைப் பையன் தானாகவே சேர்த்திருந்தான். ‘அடுத்த கார்டு வாங்கும்போது விலை கேட்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: இதுக்குத் திறந்த டிரைவர் இருக்கா?’